பதினெட்டடி மேடை

அட்டைப்பெட்டியைப் பயிற்சிக்கூடத்தின் வாசலில் வைத்தவன் கையொப்பம்கூட வாங்காமல் போய்விட்டான். உள்ளே ஒரு ஜோடி ஓட்டக் காலணிகள் இருந்தன. புதியவை, அளவு ஒன்பது. மேலே ஒரு சீட்டு கிடந்தது.

“நாலு மாசமா வெறுங்காலோட ஓடிக்கிட்டு இருக்கீங்க, பாவம். இதைப் போட்டுக்கிட்டு ஓடுங்க. இப்படிக்கு, சூறாவளி.”

தச்சன் அதை இருமுறை படித்தான். பிறகு ஒரு காலணியை எடுத்து அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தான். தையலை நகத்தால் நெருடினான்.

“தூக்கிக் குப்பையில போடுப்பா,” என்றார் பயிற்சியாளர்.

“நல்ல தையல் மாஸ்டர். என் அளவைக்கூட விசாரிச்சு வாங்கியிருக்கான். இருக்கட்டும்.”

பதினோராண்டுகள் மரவேலை செய்தவன் ஆதலின் குத்துச்சண்டை உலகம் அவனைத் தச்சன் என்றே அழைத்தது. அவனுடைய எடைப்பிரிவின் பட்டம் மூன்றாண்டுகளாக அவனிடமே இருந்தது. பயிற்சிக்கூடத்தின் நடுவில் கயிறு கட்டி நின்ற மேடையும் அவன் கையால் இழைத்ததுதான். பக்கத்துக்குப் பதினெட்டு அடி. கை குட்டையானவன் எதிரியின் மார்போடு மார்பாக ஒட்டி நின்றுதான் சண்டையிட முடியும். உளியை வைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைப்பவனைப் போல அவன் ஒரே விலாவில் பன்னிரண்டு சுற்றும் குத்துவான். அதற்குச் சிறிய மேடையே ஏற்றது.

சூறாவளி அவனுக்கு நேர்மாறானவன். நெடிய கை, துள்ளும் கால், அவை இரண்டையும் விஞ்சும் வாய். பட்டத்துக்கு அடுத்த வரிசையில் அவனே முதலாவதாக நின்றான். சங்கத்தின் விதி எளியது: பட்டம் உடையவன் முதல் வரிசைக்காரனோடு மோதியாக வேண்டும். அந்தச் சண்டைக்கு வரும் தொகையை அத்தொழிலில் ‘பர்ஸ்’ என்பார்கள். அதை எவ்வாறு பங்கிடுவது என்பதை இரு தரப்பும் நூற்றிருபது நாளுக்குள் பேசி முடிக்க வேண்டும். முடியாமற்போய், பட்டம் உடையவன் தரப்பே இழுத்தடித்தது என்று சங்கம் கருதினால் பட்டம் பறிபோகும்.

நூற்றுப் பதினாறாம் நாள்தான் காலணிகள் வந்தன.

முதுகிற் புண்பட்டதற்கு நாணி உயிர்விட்ட வீரரைப் பழம் பாடல்கள் பாடும். முதுகிற் புண்பட இக்காலத்தில் களத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து விழாமல் நாள் கடந்தாலே போதும். “பயந்தாங்கொள்ளி” என்று சூறாவளி தொலைக்காட்சியில் மூன்றுமுறை சொல்லியிருந்தான். தச்சன் ஒருமுறைதான் மறுமொழி சொன்னான்: “நான் யாருக்கும் பயந்து ஓடினதில்ல. எங்கக்கா நியாயமான பங்கைக் கேக்குறாங்க. கிடைச்சதும் வர்றேன்.” பேச்சு அவனுக்கு வராது. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தை அவன் முழுமனத்தோடு நம்பிச் சொன்னான்.

*

அக்காள் சரக்கு லாரி அலுவலகமொன்றில் பதினாறாண்டுகளாக வாடகை பேசி வருபவள். டன்னுக்கு இவ்வளவு என்று அவள் சொல்லிவிட்டால் ஓட்டுநரும் முதலாளியும் ஒருசேர அழுவார்கள் என்பது அங்கு வழங்கும் பழமொழி. தம்பியின் சண்டைகளையும் அவளே பேசி முடித்தாள். சூறாவளிக்காகப் பேசியவர் அந்தச் சண்டையை நடத்திப் பணம் போடவிருந்த அமைப்பாளர். தங்க விளிம்புக் கண்ணாடி, சர்க்கரை இல்லாத தேநீர், எதற்கும் வற்றாத சிரிப்பு.

அன்று மாலை அவருடைய அலுவலகத்தில் குளிர்சாதனம் மூலையிலிருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காள் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

“நூத்துக்கு அறுபத்தஞ்சு,” என்றாள்.

“மேடம், போன வாரம் அறுபதுன்னீங்க. உங்க தம்பி கையால குத்துவாரா, கணக்கால குத்துவாரா?”

“அவன் கையால குத்துவான். கணக்குக்கு நான் இருக்கேன்.”

“நீங்க குத்துறதுதான் பலமா விழுது.” அவர் எழுந்து சன்னலருகே போய்த் தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசினார், திரும்பி வந்து அமர்ந்தார். “சரி.”

“என்ன சரி?”

“அறுபத்தஞ்சு. எழுதிக்குங்க.”

அக்காளின் விரல்கள் பையின் வாரை இறுகப் பற்றின. நான்கு மாதங்களாக அவள் கேட்ட பங்குகள் எவையும் பெறுவதற்காகக் கேட்டவை அல்ல, மறுக்கப்படுவதற்காகவே கேட்டவை. ஐம்பத்தைந்து கேட்டாள், தந்தார்கள். அறுபது கேட்டாள், முனகிக்கொண்டே தந்தார்கள். அறுபத்தைந்தை எந்த மடையனும் தரமாட்டான் என்று கணக்கிட்டாள். இன்னும் நான்கு நாள் இழுத்தால் பட்டம் மேசையிலேயே போய்விடும். மேசையில் இழந்த பட்டத்துக்குத் தம்பியின் தலை விலையாகாது.

காரணம் இரண்டு ரப்பர் பந்துகள். நாள்தோறும் கையில் துணிக்கட்டுப் போடுவதற்கு முன் பயிற்சியாளர் தோளுயரத்தில் இரண்டு பந்துகளைப் பிடித்து நிற்பார். சொல்லாமல் ஒன்றை விடுவார். தரையில் படுமுன் தச்சன் அதைப் பிடிக்க வேண்டும். சென்ற ஆண்டு பத்துக்கு ஒன்பது பிடித்தவன் இப்போது ஆறு பிடித்தான். கண் கண்டதைக் கை அறிய ஒரு நொடியின் சிறு பின்னம் கூடுதலாயிற்று. அந்தப் பின்னத்துக்குள் சூறாவளியின் கை மூன்றுமுறை வந்துபோகும் என்று பயிற்சியாளர் அக்காளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

பணம் தீர்ந்தது. கேட்பதற்கு வேறெதுவும் எஞ்சவில்லை. கையில் அகப்பட்டதை அவள் எறிந்தாள்.

“ரிங் இருபத்துநாலு அடி வேணும்.”

அமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “இருபத்துநாலா? மேடம், பேசாம ஒரு கிரவுண்டையே வாடகைக்குப் பிடிச்சுரலாமா? தம்பிக்கு ஓட வசதியா இருக்கும்.”

“முடியுமா, முடியாதா?”

“முடியாம என்ன? அதுவும் சரி.” அவரே பேனாவை எடுத்துத் தம் கையால் எழுதினார். அவர் எழுதிய வேகத்தைக் கண்ட பிறகே எங்கோ தவறு செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கீழே காரில் காத்திருந்த பயிற்சியாளரிடம் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “என்னக்கா பண்ணிட்டீங்க! நீளக் கைக்காரன் அவன். எட்ட நின்னு அடிச்சிட்டு ஓடுறதுக்கு அவன்தான் பெரிய ரிங் கேக்கணும். அவன் கேக்க வேண்டியதை நீங்க கேட்டு வாங்கிக் கொடுத்துட்டு வர்றீங்களே!”

“பெரிசா இருந்தா அடி எட்டாதுன்னு நினைச்சேன், மாஸ்டர்.”

“அடி எட்டும். நம்மாளுதான் எட்டமாட்டான்.”

டன் கணக்கு அறிந்தவள் அடிக் கணக்கு அறிந்திலள். கையெழுத்துக்கு மூன்றாம் நாள் குறித்தாயிற்று.

*

மறுநாள் விளையாட்டுப் பக்கத்தின் தலைப்பு ‘மைதானம் கேட்கும் சாம்பியன்’ என்றிருந்தது. தச்சன் அதைப் பயிற்சிக்கூடத்தின் பெஞ்சில் அமர்ந்து படித்தான். சினம் கொள்ளவில்லை. எழுந்து தன் பழைய கருவிப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான். தரையில் சுண்ணக்கட்டியால் பக்கத்துக்கு இருபத்துநான்கு அடியில் ஒரு சதுரம் வரைந்தான். மூலையில் நின்று எதிர்மூலையைப் பார்த்தான், வெகுதொலைவாக இருந்தது. நடந்தான், எண்ணினான்.

பணத்தைப் பற்றி எவன் என்ன எழுதினாலும் அவனுக்குப் புரியும். பேரம் என்பது அக்காளின் கலை. ஆனால் மார்போடு மார்பு நின்று குத்துபவனுக்கு இவ்வளவு வெளியை அவன் தரப்பிலிருந்து ஒருவர் கேட்டார் என்றால், அவன் இனி ஒட்டி நிற்கலாகாது என்று அவர் எண்ணுகிறார். வேறு பொருள் இல்லை.

“மாஸ்டர்,” என்றான், சுண்ணத்தைத் துடைக்காமலே. “எங்கக்காகிட்ட பந்து விஷயம் சொன்னீங்களா?”

பயிற்சியாளர் கையுறைகளை அடுக்குவதில் மிகுந்த கவனம் காட்டினார். அதுவே விடையாயிற்று.

அன்று மதியம் அக்காள் விடுப்பெடுத்து வீட்டில் இருந்தாள். சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தச்சன் எதிர் நாற்காலியில் அமர்ந்து நாடாவை மேசைமேல் வைத்தான்.

“இருபத்துநாலு யாரு கேட்டது?”

“பேச்சுவாக்குல வந்துடுச்சுடா.”

“உன் வாயிலிருந்து பேச்சுவாக்குல ஒரு கிலோகூட வந்ததில்லையேக்கா.”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. துண்டுகள் மட்டும் சிறிதும் பெரிதுமாக விழுந்தன.

“பணத்துக்காகத்தான் இழுக்கிறேன்னு நினைச்சேன்,” என்றான். “ஓடல, எங்கக்கா நியாயம் பேசுறாங்கன்னு டிவியில சொன்னேன். அது பொய்யாயிடுச்சு.”

“நீ எங்கடா பொய் சொன்னே? உனக்குத்தான் எதுவும் தெரியாதே.”

“என் வாயால வந்தது. அப்ப அது என் பொய்தான். அந்த ஷூ அனுப்பினவன் சொன்னதுதான் நிஜம்.”

கத்தி ஓய்ந்தது. “சரி, நிஜம்தான். நான்தான் ஓடினேன், உன்னையும் இழுத்துக்கிட்டு. பத்துக்கு ஆறு பந்துடா. மூக்கு உடைஞ்சா ஒட்டிக்கலாம். தலை உடைஞ்சா? நாளைக்கு என் பேரைக் கேட்டா நீ யோசிப்பே. பெல்ட் போனா போகட்டும், அது தோலும் தகரமும். நீ எனக்கு ஒருத்தன்தான் இருக்கே.”

“ஆறுன்னா சொன்னாரு மாஸ்டர்?” தச்சன் சிரித்தான். “நேத்து அஞ்சு. மனசு கேக்காம ஒண்ணு சேத்துச் சொல்லியிருக்காரு.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

“கை என்னோடது. எனக்குத் தெரியாம எங்க போகும்?”

“தெரிஞ்சுமா குதிக்கிறே?”

“தெரிஞ்சுதான். அடுத்த வருஷம் அது நாலு, அதுக்கடுத்தது மூணு. இப்ப நின்னு தோத்தா தோத்தவன். இப்ப நிக்காம விட்டா ஓடினவன். தோத்தவனாப் பட்டறைக்குத் திரும்பிப் போயிடுவேன்க்கா. ஓடினவனாப் போனா இழைப்புளியைக்கூட நேரா பிடிக்க முடியாது.”

குழாய் சொட்டியது. அவள் எழுந்து அதை இறுக்கிவிட்டு வந்தாள். விடாப்பிடியில் அக்காளும் தம்பியும் ஒரு கொடியின் இரு காய்கள். ஒருவர் விட்டுக்கொடுப்பார் என்று மற்றவர் காத்திருப்பது வீண் என்பதை இருவரும் அறிவர். எனவே பேரம் தொடங்கிற்று.

“துண்டு என் கையில,” என்றாள் அவள். மூலையிலிருந்து துண்டு மேடைக்குள் விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்; வழக்கமாக அது பயிற்சியாளரின் தோளில் கிடக்கும்.

“எடுத்துக்கோ. எட்டாவது ரவுண்டுக்கு அப்புறம்.”

“ஒண்ணாவதுலேர்ந்து.”

“அதுக்கு நான் வீட்டுலயே இருந்துடலாம். ஏழு.”

“நாலு.”

“ஆறு முடியட்டும். அதுக்கப்புறம் நீ எப்ப போட்டாலும் ஏன்னு கேக்கமாட்டேன். ஜெயிக்கிற நேரமா இருந்தாலும்.”

“கேக்கமாட்டியே?”

“சத்தியமா.”

“ஆறு,” என்றாள். அமைப்பாளரோடு நான்கு மாதம் பேசியவள் இதை இரண்டு நிமிடத்தில் முடித்தாள். பிறகு அவன் கேட்டதற்கு ஒப்புக்கொண்டாள்: மூன்றாம் நாள் மேசையில் அவன் பேசுவான், அவள் வாய் திறக்கமாட்டாள்.

*

மூன்றாம் நாள் அமைப்பாளரின் அறையில் சூறாவளியும் இருந்தான். நீண்ட கால்களை நீட்டி, பபுள்கம் மென்றுகொண்டிருந்தான். கதவோரம் ஒரு நிருபர் நின்றார். படம் எடுப்பதற்காக அமைப்பாளரே வரவழைத்தவர். தச்சன் காலணிப் பெட்டியை மேசையின் நடுவில் வைத்துவிட்டு அமர்ந்தான்.

“பிடிக்கலையா அண்ணே?” என்றான் சூறாவளி.

“பிடிச்சுது. அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்.” தச்சன் நிருபர் பக்கம் திரும்பினான். “சார், எழுதிக்குங்க. நாலு மாசமா இழுத்தது எங்க தரப்புதான். எனக்குத் தெரியாது, ஆனா என் தரப்பு. நான் முன்னாடி சொன்னது தப்பு.”

அக்காள் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமைப்பாளரின் சிரிப்பு முதன்முறையாகத் தடுமாறிற்று.

“எனக்கு அறுபத்தஞ்சு வேணாம்,” என்றான் தச்சன். “பாதி போதும். சரிக்குச் சரி.”

இத்தொழிலில் எவரும் குறைத்துக் கேட்டு அவர் கேட்டதில்லை. “இதுல என்ன உள்குத்து இருக்கு?” என்றார்.

“இருக்கு. ரிங் பதினெட்டு அடி.”

அமைப்பாளர் மனத்துள் கணக்கிட்டது முகத்தில் தெரிந்தது. பதினைந்து பங்கு ஒரு தட்டில். ஆறடி இன்னொரு தட்டில். பதினெட்டடியில் நெடுங்கை மடங்கிப்போகும் என்பதை அவர் அறிவார். “இருபதுன்னு முடிச்சுக்கலாமே தம்பி. ரெண்டு நாள் டைம் கொடுங்க, யோசிச்சு…”

“கெடு நாளைக்கு,” என்றான் தச்சன். “நீங்க யோசிக்கிறீங்கன்னு இவர் எழுதிப்பாரு. அவ்வளவுதானே?”

நிருபரின் பேனா காத்திருந்தது. தச்சன் பெட்டியின் மூடியைத் திறந்து, காலணிகளைச் சூறாவளியின் பக்கம் மெல்லத் திருப்பி வைத்தான்.

“உன் அளவு இல்ல, தம்பி. இருந்தாலும் வேணும்னா வச்சுக்கோ. பெரிய ரிங்ல ஓடறதுக்கு.”

சூறாவளி மெல்வதை நிறுத்தினான். “யாருடா ஓடுறது? பதினெட்டு என்ன, பத்தடி போடு. கக்கூஸ்ல போடு. அங்கயே வச்சு அடிக்கிறேன்!”

“டேய், இரு…” என்றார் அமைப்பாளர்.

“எங்க கையெழுத்து?” என்று அவன் காகிதத்தை இழுத்தான்.

பங்கும் அளவும் திருத்தப்பட்ட இடங்களில் இருவரும் கையெழுத்திட்டனர். எழும்போது சூறாவளி தச்சனின் கையைக் குலுக்கினான். பிடி அழுத்தமாகவும் மரியாதையாகவும் இருந்தது. “நீங்க ஓடலண்ணே. பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. ஆனா அடிப்பேன்.”

“அடி. அதுக்குத்தானே பாதி வாங்குறே.”

*

அடுத்த ஆறு வாரமும் அக்காள் ஒரு பயிற்சி செய்தாள். பயிற்சிக்கூடத்துத் துண்டுகள் மெல்லியவை. எறிந்தால் காற்றில் விரிந்து கயிற்றுக்கு வெளியே விழுந்தன. வீட்டுக் குளியலறையில் தொங்கிய தடித்த பச்சைத் துண்டை எடுத்து ஒரு முனையை நனைத்து முடிச்சிட்டாள். சமையலறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் வைத்த நாற்காலியின்மேல் எறிந்து பழகினாள். பத்துக்கு ஒன்பது விழுந்தது.

சண்டையன்று முதல் ஆறு சுற்றும் அவள் வாக்குப்படி துண்டைத் தொடவில்லை. தச்சன் தன் கலையை அன்று முழுமையாகச் செய்தான். நெடுங்கை நீள்வதற்கு இடமின்றி மடங்கியது. உளி வைத்த இடத்தில் உளி விழுந்தது. ஏழாம் சுற்றில் சூறாவளி விலாவைப் பொத்திக்கொண்டு கயிற்றில் சாய்ந்தான். அரங்கம் எழுந்து நின்றது. ஒன்பதாம் சுற்றிலிருந்து தச்சனின் இடக்கை சிறிது தாமதித்து எழலாயிற்று. பிறர் அதைக் களைப்பு என்றனர். அக்காள் பந்துகளை நினைத்தாள்.

பத்தாம் சுற்று முடிந்து அவன் மூலையில் அமர்ந்தபோது பயிற்சியாளர் தண்ணீர் ஊட்டினார். “எத்தனை ரவுண்டு பாக்கி?” என்றான் தச்சன்.

“ரெண்டு. இப்பதானே சொன்னேன்.”

“எத்தனை?” என்றான் மீண்டும்.

பயிற்சியாளர் அக்காளைத் திரும்பிப் பார்க்குமுன் மணி அடித்தது. தச்சன் எழுந்து போய்விட்டான். பதினோராம் சுற்றின் முதல் நிமிடத்தில் மூன்று குத்துகள் ஒரே காதோரம் விழுந்தன. அவன் விழவில்லை. முன்னே ஓரடி வைத்தான். நான்காவது வருவதற்குள் பச்சைத் துண்டு கயிற்றுக்கு மேலாகப் போய் மேடையின் நடுவில் தொப்பென்று விழுந்தது. நடுவர் இரு கையையும் வீசினார். பின்வரிசையிலிருந்து எவனோ அவளை ஏசினான், அவள் திரும்பவில்லை.

உடைமாற்றும் அறையில் மருத்துவர் தச்சனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பெயர், நாள், வீட்டு முகவரி ஆகியவற்றைக் கேட்டார். முகவரிக்கு மட்டும் சற்று நேரம் பிடித்தது. மருத்துவமனையில் ஒருமுறை படமெடுத்துப் பார்த்துவிடலாம், அஞ்ச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சங்கத்து ஆள் ஒருவர் மடித்த தாளொன்றைக் கொண்டுவந்து அக்காளிடம் கொடுத்தார். பத்துச் சுற்று வரை மூன்று நீதிபதிகள் இட்ட புள்ளிகள் அதில் இருந்தன. அவள் விரித்துப் படித்தாள்.

“என்ன போட்டிருக்கு?” என்றான் தச்சன். அவன் வலக்கண் மூடியிருந்தது.

நான்கு மாதம் அவனிடம் மறைத்தவள் இப்போது ஒரு கணமும் மறைக்கவில்லை. “ரெண்டு பேருகிட்ட நீ முன்னாடி இருந்தே. ஒரு பாயின்ட்.”

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏன்னு கேக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்,” என்றான்.

“சொல்லியிருக்கே.”

“கேக்கல.” கையிலிருந்த துணிக்கட்டைப் பல்லால் அவிழ்க்கப் பார்த்தான், முடியவில்லை, அவளிடம் நீட்டினான். “உன் பேரு எனக்கு நினைவிருக்கு. கவலைப்படாதே. மூஞ்சியைத் துடைக்கணும், துண்டைக் கொடு.”

“துண்டு ரிங்லயே கிடக்குடா.”

“நல்ல துண்டாச்சே. எவனாவது சுருட்டிட்டுப் போறதுக்குள்ள போய் எடுத்துட்டு வா.”

அக்காள் கட்டை அவிழ்த்து முடித்துவிட்டு, துண்டை எடுத்துவரப் போனாள்.